அறுபத்தெட்டுப் பாகை

இரண்டு மணிக்குப் பேஜர் கத்தியது.
சட்டைக்குள் கை போகுமுன்பே
எவர் வீடென்று தெரிந்துவிட்டது எனக்கு.
ஆயிரத்து இருநூறு பேர், அதைவிட அதிகம் மாடு,
ஒரே ஒரு ரவுண்டானா,
அதற்கும் எதிர்ப்பு எழுதிக் கொடுத்தவர்கள் உள்ள
துர்காவ் மாநிலத்துச் சிற்றூர் இது.
இரண்டு கிழமைக்கு முன், மேகத்துக்குப் பயந்து,
காயாத புல்லை உள்ளே இழுத்தவள்
எல்ஸ்பெத் ஹூகென்டோப்லர் ஒருத்திதான்.
பார்த்தோம். எவரும் சொல்லவில்லை.
அடுத்தவர் புல்லைப் பற்றி முகத்துக்கு நேரே கதைப்பது
இங்கே மரியாதை அல்ல.

ஈரத்தோடு அடுக்கிய புல்
வெளியில் சாதுவாய் இருக்கும்.
உள்ளே தன்னைத் தானே அவிக்கும்.
ஐம்பத்தைந்து பாகை வரை பொறுக்கலாம்.
எழுபதைத் தாண்டினால்
காற்றுக்கு ஒரு சின்னத் துவாரம் போதும்,
கொட்டகை, மாடு, வீடு, எல்லாம்.
பயிற்சியில் இதைச் சொல்லித்தந்தபோது
நான் மட்டும் குறிப்பெடுக்கவில்லை.

நீண்ட இரும்புக் கோலை
அவளே நீட்டினாள் என்னிடம்.
ரப்பர் சப்பாத்து, இரவுச்சட்டை,
மேலே கணவனின் குளிரங்கி.
கணவன் போய் ஆறு வருசம்,
அங்கி இன்னும் தொழுவத்துக்குப் போய்வருகிறது.

ஒன்பது வருசத்துக்கு முன்
பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி மண்டபத்தில்
என்னைக் குடிமகன் ஆக்கலாமா என்று ஊர் கூடியது.
அவரவர் கையை உயர்த்திச் சொல்ல வேண்டும்.
விண்ணப்பித்தவன் வெளியே நிற்க வேண்டும்.
நின்றேன், பந்துகள் அடைத்த அலுமாரிக்கும்
'சப்பாத்துடன் நுழையாதீர்' பலகைக்கும் நடுவில்.
அறுபத்து நாலுக்குப் பதினொன்று.
மறுநாள் காலை மரஆலையில்
வாள் இரையும் சத்தத்துக்கு மேலாக
பதினொரு பெயரும் என்னிடம் வந்து சேர்ந்தன.
நான் கேட்கவில்லை.
மறக்கவும் இல்லை.

அந்தப் பதினொன்றில் ஒரு கை
இப்போது டார்ச் பிடித்துக்கொண்டிருக்கிறது,
எனக்கு இலக்கம் தெரிவதற்காக.

அறுபத்தொன்று.
ஓரடி தள்ளிக் குத்தினேன். அறுபத்தாறு.
"இன்னும் ஆழமாக," என்றாள்.
அறுபத்தெட்டு.
முள் நின்றது. நாங்களும்.

வெட்டித் திறப்பதா, விடியும் வரை பொறுப்பதா என்று
கொமாண்டர் ரேட்டோ தொலைபேசியில் யாரையோ எழுப்பினான்.
அந்த இருபது நிமிடம்
ஏணியில் நான், அடியில் அவள்.
சுவருக்கு அப்பால் நாற்பத்து மூன்று மாடுகள்
அசைபோடும் ஒலி,
வாயைத் திறக்காமல் ஓர் ஊர் முழுக்கக் கதைப்பதைப் போல.
அவளுக்குத் தெரியும்.
எனக்குத் தெரியுமென்பதும் தெரியும்.
"இன்னும் ஒரு நாள் வெயில் இருக்கென்று வானொலி சொன்னது," என்றாள்.
"நான் நம்பவில்லை."
"ம்," என்றேன்.
கோலை வேறோர் இடத்தில் இறக்கினேன்.

திறந்தோம். குழாயில் தண்ணீர் முட்டி நிற்க,
கொக்கி போட்டுப் பிடி பிடியாய் இழுத்தோம்.
நடுவில் புல் புகையிலை நிறம்.
ஆவி எழுந்து முகத்தில் அடித்தது.
பனங்கட்டி.
பாகு முறுகப்போகும் தறுவாய், அதே மணம்.
முகமூடியைக் கழற்றிவிட்டேன், விதிப்படி தவறு.

விடிந்தபோது
அவளுடைய கோடை முழுவதும் நிலத்தில் பரவிக் கிடந்தது.
கோப்பி தந்தாள். நன்றி தரவில்லை.
திங்கட்கிழமை ஊர்ச்சபைக்கு ஒரு கடிதம்:
தீயணைப்புப் படையினர்
மூன்று வரிசை அவரையை மிதித்துவிட்டனர்,
இழப்பீடு கோருகிறேன்.
கீழே, மிதித்தவர்களின் பட்டியல்.
நாலாவதாக நான்,
குகதாசன் அம்பலவாணர்,
ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல்.
ஒன்பது வருசமாய் என் கடவுச்சீட்டு மட்டும்
செய்துவந்த வேலை அது.

அவரைக்கு எழுபது பிராங்க் போனது.

மூன்று நாள்
வங்கி வாசலில், பால் சேகரிக்கும் இடத்தில்,
அந்த ரவுண்டானாவைச் சுற்றிச் சுற்றி
பனங்கட்டி மணந்தது.
அதற்கு அவர்களிடம் வேறொரு சொல் இருந்தது.